பீங்கான் வெனீர் போட்ட பல்லில் ஈறோரம் பழுப்புக் கோடு: சொத்தையா, வெறும் கறையா?

முல்லைக்கொடி:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மேல்வரிசை முன்பற்கள் ஆறுக்கும் ஒன்பது வருடத்துக்கு முன்னால் பீங்கான் வெனீர், அதாவது பல்லின் முன்பக்கத்தில் ஒட்டும் மெல்லிய ஓடு, போட்டுக்கொண்டேன். சின்ன வயதில் அடிக்கடி காய்ச்சல் வரும், டெட்ராசைக்ளின் கொடுத்திருக்கிறார்கள், வளரும் பல்லில் கறை ஏற்றும் ஆன்டிபயாடிக் அது. பால்பல் விழுந்து முளைத்த பற்கள் சாம்பலும் பழுப்புமாகப் பட்டை பட்டையாக வந்தன. முப்பது வயது வரை வாயைக் கையால் மூடிக்கொண்டுதான் சிரித்தேன். வெனீர் போட்ட பிறகும் ஒரு வருடத்துக்கு அந்தக் கை தானாக மேலே போய்க்கொண்டிருந்தது.

இப்போது விஷயம் இதுதான். இடதுபக்கம் நடுப்பல்லுக்கு அடுத்த பல்லில் ஈறை ஒட்டி மயிரிழை அளவுக்கு ஒரு பழுப்புக் கோடு. மூன்று மாதமாகக் கண்ணில் படுகிறது. அந்தப் பல்லுக்கும் பக்கத்துக் கோரைப்பல்லுக்கும் நடுவில் ஃப்ளாஸ் (பல்லிடுக்கைச் சுத்தம் செய்யும் நூல்) விட்டால் நார்நாராகப் பிரிந்து வருகிறது. வலி கிடையாது. குளிர்ந்த தண்ணீர் பட்டால் ஒரு நொடி சுரீர் என்கிறது, அவ்வளவுதான். வலதுபக்கம் இரண்டு பற்களிலும் மங்கலாகக் கோடு இருக்கிறது, ஆனால் அங்கே ஃப்ளாஸ் பிரியவில்லை.

இரண்டு டாக்டர்களைப் பார்த்தேன். முதலாமவர் எக்ஸ்ரே எடுத்துவிட்டு, "இதில் ஒன்றும் தெரியவில்லை, ஆனாலும் ஒன்பது வருடம் ஆகிவிட்டது, ஆறையும் எடுத்துவிட்டு கேப் போட்டுவிடலாம்" என்றார். பல்லைச் சுற்றி முழுசாக மூடும் உறைதான் கேப். இரண்டாமவர் எக்ஸ்ரேயைப் பார்க்கவே இல்லை. "ஓரத்தில் சின்னதாக ஒரு ஃபில்லிங் வைத்தால் போதும்" என்று சொல்லி அன்றைக்கே வைக்கத் தயாராக இருந்தார். நான் பயந்து எழுந்து வந்துவிட்டேன்.

பீங்கான் சொத்தையாகுமா? எக்ஸ்ரேயில் தெரியாத சொத்தை என்று ஒன்று உண்டா? வெனீரைக் கழற்றி, உள்ளே சுத்தம் செய்துவிட்டு அதையே திரும்ப ஒட்ட முடியாதா? இதையெல்லாம் விட, எடுத்தால் உள்ளே இருக்கும் அந்தப் பழைய பல்லைப் பார்க்க வேண்டுமே என்பதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. சிரிக்காதீர்கள்.


கடைசிபெஞ்ச்:

கரித்தூள் பேஸ்ட் வாங்கி ஒரு வாரம் அழுத்தித் தேயுங்கள், கோடு போய்விடும். எதற்கு டாக்டர்?


பீங்கான்கை:

கடைசிபெஞ்ச் சொன்னதை மட்டும் தயவுசெய்து செய்துவிடாதீர்கள். கரித்தூள் சொரசொரப்பானது. பீங்கானின் மேல் பளபளப்பைக் கெடுக்கும். அதைவிட வேகமாக வெனீருக்கும் பல்லுக்கும் நடுவிலுள்ள பசையை அரிக்கும். அந்த இடம் சொரசொரப்பானால் கறை இன்னும் நன்றாகப் பிடிக்கும்.

நான் டாக்டர் இல்லை. பல் லேப்பில் இருபது வருடத்துக்கு மேலாகப் பீங்கான் வேலை செய்கிறவன். வாயைப் பார்த்ததில்லை, வெனீரை நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால் உங்கள் மூன்றாவது கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியும்.

ஒரு வெனீரின் கனம் பெரும்பாலும் அரை மில்லிமீட்டர், சில இடங்களில் அதற்கும் குறைவு. வெளிச்சத்தில் பிடித்தால் விரல் நிழல் தெரியும். லேப்பில் இருந்து டாக்டரிடம் போகும் வரை எனக்கு உயிர் போய் உயிர் வரும், ஏனென்றால் தனியாக இருக்கும்போது விரலிடுக்கில் கொஞ்சம் அழுத்தினாலும் முறிந்துவிடும். பல்லோடு ஒட்டிய பிறகுதான் அதற்குப் பலமே. அந்த ஒட்டு சாதாரண ஒட்டு இல்லை. பீங்கானின் உள்பக்கத்தை ஹைட்ரோஃப்ளோரிக் ஆசிட் வைத்துக் கண்ணுக்குத் தெரியாத குழிகளாக அரிப்பார்கள், மேலே சிலேன் என்ற இணைப்புத் திரவம் பூசுவார்கள். பல்லின் பக்கம், அதன் மேலுறையான எனாமலை பாஸ்பாரிக் ஆசிட் வைத்து அதேபோல அரிப்பார்கள். நடுவில் ரெசின் பசை இரண்டு குழிகளுக்குள்ளும் இறங்கி உறைந்துவிடும். எனாமலை ஆசிட் வைத்து அரித்தால் பிசின் நன்றாகப் பிடிக்கும் என்று புவோனகோர் என்பவர் 1955இல் எழுதியதுதான் இதற்கெல்லாம் அடிப்படை. பீங்கானையும் அப்படி அரித்து ஒட்டும் முறை 1980களின் தொடக்கத்தில் வந்தது.

ஆகவே "கழற்றுவது" என்ற சொல்லே இங்கே பொருந்தாது. பர் என்ற சுழலும் வைர முனையால் சீவித்தான் எடுப்பார்கள். எடுத்து முடித்தால் வெனீர் இருக்காது, தூள்தான் இருக்கும். எர்பியம் லேசர் வைத்திருக்கிறவர்கள் பீங்கான் வழியாக ஒளியைச் செலுத்திப் பசையைத் தளர்த்துவார்கள், சில சமயம் முழுசாகக் கையோடு வரும். அப்படி வந்தாலும் உங்கள் விஷயத்தில் பயன் குறைவு. சொத்தையைச் சுரண்டினால் பல்லின் வடிவம் மாறிவிடும். பழைய வெனீர் பழைய வடிவத்துக்கு அளவெடுத்த சட்டை.

டெட்ராசைக்ளின் என்று சொன்னீர்கள் இல்லையா, அதில்தான் என் சந்தேகம். உள்ளே பல் கருப்பாக இருந்தால் மெல்லிய பீங்கான் அதை மறைக்காது. மறைக்க வேண்டுமானால் பீங்கான் கனமாக இருக்க வேண்டும், அதற்கு இடம் வேண்டும், இடம் வேண்டுமென்றால் பல்லை ஆழமாகச் சீவ வேண்டும். ஈறோரத்தில் எனாமல் ஏற்கெனவே மெல்லியது. கொஞ்சம் ஆழமாகப் போனாலும் கீழே இருக்கும் டென்டின் வந்துவிடும். டென்டினில் பசை எனாமலில் பிடிக்கிற மாதிரி வருடக்கணக்கில் பிடித்து நிற்காது. முதலில் கசிய ஆரம்பிப்பது அந்த ஓரம்தான். உங்கள் வெனீரைச் செய்த கை எதுவோ தெரியாது. ஆனால் கோடு ஈறோரம் என்றதும் எனக்கு இதுதான் தோன்றியது.

ஒருவேளை அந்த ஒன்றை மட்டும் புதிதாகச் செய்ய வேண்டி வந்தால் டாக்டரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். ஷேட், அதாவது பல்லின் நிறம், பார்ப்பதை வேலை தொடங்கும் முன்னால், வாய் ஈரமாக இருக்கும்போதே முடிக்கச் சொல்லுங்கள். வாயைத் திறந்து வைத்துப் பல் காய்ந்தால் நிறம் வெளுத்துக் காட்டும், அந்த நிறத்துக்குச் செய்து அனுப்பினால் பொருந்தாது. அப்புறம், சீவிய பிறகு உள்ளே இருக்கும் பல்லின் நிறத்தையும் ஷேட் பட்டையோடு சேர்த்து ஒரு படம் எடுத்து லேப்புக்கு அனுப்பச் சொல்லுங்கள். பலர் அனுப்புவதே இல்லை. எதை மறைக்கிறோம் என்று தெரியாமல் மறைப்பது எப்படி? ஆறையும் மொத்தமாகச் செய்வது எங்களுக்குச் சுலபம். ஐந்துக்கு நடுவில் ஒன்றைப் பொருத்துவதுதான் கண்ணைப் பிடுங்குகிற வேலை.


ரெண்டாம்சுற்று:

முல்லை, உங்கள் தூக்கம் எனக்குப் புரிகிறது. எனக்கு நாலு வெனீர். இரண்டில் சொத்தை வந்தது, இரண்டுக்கும் இரண்டு கதை.

முதல் பல்லில் சொத்தை பின்பக்கம், அண்ணத்தைப் பார்த்த பக்கத்தில் இருந்தது. வெனீர் முன்பக்கத்தை மட்டும்தான் மூடுகிறது, பின்பக்கம் நம் சொந்தப் பல்தான் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. பின்னாலிருந்தே சுரண்டி, காம்போசிட் என்ற பல் நிற ஃபில்லிங்கை அடைத்தார்கள். வெனீரை யாரும் தொடவில்லை. ஆறு வருடமாக அப்படியே இருக்கிறது.

இரண்டாவதில் நான்தான் தப்பு செய்தேன். கூச்சம் இருந்தது, "வலி வந்தால் போகலாம்" என்று ஒன்றரை வருடம் தள்ளினேன். வலி வந்தபோது நரம்புவரை போய்விட்டது. ரூட் கெனாலைப் பின்பக்கம் துளை போட்டுத்தான் செய்தார்கள், வெனீர் தப்பித்தது. ஆனால் ஒரு வருடத்தில் பல் உள்ளுக்குள் கறுத்து, வெனீர் வழியாகச் சாம்பல் நிறம் எட்டிப் பார்த்தது. வெளியிலிருந்து ப்ளீச் செய்தால் பீங்கான் வெளுக்காது. அதே பின் துளை வழியாக உள்ளே மருந்து வைத்து வெளுத்தார்கள், ஓரளவுக்குச் சரியானது.

இன்னொன்று. எனக்கு ஏன் அடுத்தடுத்து இரண்டு என்று டாக்டர் துருவிக் கேட்டார். அலர்ஜிக்கு நான் தினமும் போடும் மாத்திரை வாயை உலர்த்துகிறது. எச்சில் குறைந்தால் சொத்தைக்குக் கொண்டாட்டம். நீங்கள் ஏதாவது தினசரி மாத்திரை எடுக்கிறீர்களா?


பல்லாண்டு:

பல் மருத்துவர். பார்க்காமல் இது சொத்தை, இது இல்லை என்று சொல்ல மாட்டேன். எப்படிக் கண்டுபிடிப்பது என்று மட்டும் சொல்கிறேன்.

பீங்கான் சொத்தையாகாது. வெனீர் முடிந்து பல் தொடங்கும் இடம் சொத்தையாகும். உங்கள் பற்களில் மூன்று கோடுகள் இருக்கின்றன, மூன்றும் ஒன்றே என்று நினைக்காதீர்கள். பசைக்கோடு வருடக்கணக்கில் நிறம் ஏறிப் பழுப்பாவது மிகச் சாதாரணம். அதற்கு முதல் வைத்தியம், சொரசொரப்பு குறைந்த பேஸ்ட் வைத்துப் பாலிஷ் செய்து பார்ப்பது. போய்விட்டால் கறை. போகாமல், ஓரம் மிருதுவாகவோ குழியாகவோ இருந்தால் மேலே பார்க்க வேண்டும். ஃப்ளாஸ் பிரிவதுதான் எனக்கு உறுத்துகிறது. அந்த ஓரத்தில் ஏதோ கூர்மையாக இருக்கிறது. வெனீரின் விளிம்பு சில்லாகப் பெயர்ந்திருக்கலாம், பசை துருத்திக்கொண்டிருக்கலாம், இல்லை பல்லே கரைந்து குழி விழுந்திருக்கலாம்.

எக்ஸ்ரே பற்றி. முன்பல்லை எடுக்கும்போது கதிர் முன்னாலிருந்து பின்னால் போகிறது. முன்பக்கத்தில் ஈறோரம் தொடங்கும் சின்னச் சொத்தை, அதற்கு முன்னால் பீங்கான், பின்னால் முழுப் பல் என்று எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து மறைந்துவிடும். இரண்டு பல்லுக்கு நடுவில் இருந்தால் தெரிய வாய்ப்பு அதிகம். தலைகீழாகவும் நடக்கும்: சில வகைப் பசை எக்ஸ்ரேயில் கறுப்புக் கோடாக விழுந்து சொத்தை போலவே ஏமாற்றும். அதனால் எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறது என்பது விடுதலைப் பத்திரமும் இல்லை, கறுப்பாக இருக்கிறது என்பது தண்டனையும் இல்லை. பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடி, பல்லின் பின்னாலிருந்து அடிக்கும் வெளிச்சம், அழுத்தாமல் தடவிப் பார்க்கும் மெல்லிய கம்பி (ப்ரோப்), இந்த மூன்றையும் சேர்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

சொத்தை என்றே வைத்துக்கொள்வோம். அது விளிம்போடு நின்றிருந்தால், இரண்டாவது டாக்டர் சொன்னது போல ஓரத்தில் மட்டும் அடைக்கலாம். ஆனால் ஒழுங்காகச் செய்தால் அது சின்ன வேலை இல்லை. ரப்பர் டேம் என்ற மெல்லிய ரப்பர் விரிப்பைக் கட்டி எச்சிலைத் தடுத்து, பீங்கான் விளிம்பை ஹைட்ரோஃப்ளோரிக் ஆசிட்டால் அரித்து (அது ஈறில் பட்டால் புண்ணாகிவிடும்), சிலேன் வைத்து, பிறகு காம்போசிட். எச்சில் பட்டால் அத்தனையும் வீண். ஈறு இறங்கி வேர் வெளியே தெரிந்தால் இன்னும் கவனம் வேண்டும். எனாமல் கரையத் தொடங்கும் பிஹெச் அளவு (குறையக் குறைய அமிலம் அதிகம்) சுமார் 5.5, வேர்ப்பகுதி 6ஐத் தாண்டிய லேசான அமிலத்திலேயே கரையத் தொடங்கிவிடும்.

சொத்தை வெனீருக்கு அடியில் நுழைந்திருந்தால் கதை வேறு. எங்கே முடிகிறது என்று பார்க்க முடியாத சொத்தையின் வாயை மட்டும் அடைப்பது, திருடனை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டுவது. அந்த வெனீரை எடுத்துத்தான் ஆக வேண்டும். அந்த ஒன்றை. ஒன்றுக்காக ஆறையும் எடுப்பது எனக்கு ஒப்பவில்லை. ஒன்பது வருடம் ஆகிவிட்டது என்பது மட்டும் ஒரு காரணம் ஆகாது, நன்றாக இருக்கும் வெனீர் அதற்கு மேலும் ஓடும். கேப் போட வேண்டுமென்றால் பல்லைச் சுற்றிலும் சீவ வேண்டும், ஈறுக்கு மேலே தெரியும் பல்லில் பாதிக்கு மேல் போய்விடும். சொத்தை பல்லைப் பெரிதாகத் தின்றிருந்தால் கேப் நியாயம். இல்லாவிட்டால் அவசரம்.

ஃப்ளோரைடு வைக்கச் சொன்னால் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்: "ஆசிட் கலக்காததுதானே?" அமிலம் கலந்த ஃப்ளோரைடு ஜெல் பீங்கானின் பளபளப்பை அரித்துவிடும். நடுநிலை சோடியம் ஃப்ளோரைடோ பல்லில் பூசும் ஃப்ளோரைடு வார்னிஷோ போதும். வீட்டில் 1450 பிபிஎம் ஃப்ளோரைடு உள்ள சாதாரண பேஸ்ட், உமிழ்ந்த பிறகு வாய் கொப்பளிக்க வேண்டாம். வாய் உலர்கிறவர்களுக்கு 5000 பிபிஎம் பேஸ்ட் எழுதிக்கொடுப்போம். சொத்தையை நிறுத்தச் சில்வர் டயமைன் ஃப்ளோரைடு என்று ஒன்று உண்டு, நல்ல மருந்துதான், ஆனால் சொத்தையைக் கன்னங்கரேல் என்றாக்கிவிடும். முன்பல்லுக்கு யோசித்துச் செய்ய வேண்டியது.


முல்லைக்கொடி:

ரொம்ப நன்றி டாக்டர். பீங்கான்கை அண்ணா, ரெண்டாம்சுற்று அக்கா, உங்களுக்கும். தினசரி மாத்திரை எதுவும் இல்லை அக்கா. ஆனால் காலையில் எழுந்தால் தாடை வலிக்கும். அது இதில் சேருமா?


பல்லாண்டு:

சேரும். தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறீர்களோ என்று பார்க்கச் சொல்லுங்கள். கடித்தால் நேராகச் சொத்தை வராது, ஆனால் விளிம்பு சில்லு பெயரும், அங்கே அழுக்குத் தங்கும். இரவில் பல்லில் மாட்டிக்கொள்ளும் நைட் கார்டு வேண்டியிருக்கலாம்.


முல்லைக்கொடி:

ஐந்து வாரம் கழித்து வருகிறேன். மூன்றாவதாக ஒரு டாக்டரிடம் போனேன். அவர் முதலில் பாலிஷ் மட்டும் செய்தார். வலதுபக்கம் இரண்டு கோடும் ஐந்து நிமிடத்தில் காணாமல் போயின. அதைத்தான் ஒருவர் கேப் போட்டு மூடச் சொன்னார்!

இடதுபக்கக் கோடு அசையவில்லை. பின்னாலிருந்து சின்ன விளக்கை அடித்துக் கண்ணாடியில் எனக்கும் காட்டினார். பல் முழுக்க மங்கலாக ஒளிர்ந்தது, கோரைப்பல் பக்கத்து ஓரத்தில் மட்டும் ஒரு இருட்டுத் திட்டு. விளிம்பில் ஒரு சில்லும் பெயர்ந்திருந்தது, ஃப்ளாஸ் அதில்தான் மாட்டியிருக்கிறது. திட்டு வெனீருக்கு அடியில் போகிறது, அடைத்தால் போதாது, இந்த ஒன்றை எடுத்துவிடலாம் என்றார்.

அண்ணா சொன்னதைக் கேட்டேன். உட்கார்ந்ததும் ஷேட், அதன்பிறகுதான் ஊசி. சீவ இருபது நிமிடம் ஆனது. தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே இருந்தார்கள், நாக்கில் நறநறவென்று பொடி. நடுவில் நிறுத்தி, "பார்க்கிறீர்களா, வேண்டாமா?" என்று டாக்டர் கேட்டார். கேட்டதற்காகவே அவரைப் பிடித்துப்போனது. வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். கண்ணாடி கொடுங்கள் என்று வந்துவிட்டது.

அதே பல். மேலே சாம்பல், நடுவில் பழுப்பு, நுனிக்குப் பக்கத்தில் மெலிதாக ஒரு மஞ்சள் பட்டை. ஒன்பது வருடம் மூடி வைத்திருந்தும் பட்டைகள் வைத்த இடத்திலேயே இருந்தன. நான் நினைத்து வைத்திருந்ததைவிடச் சின்னப் பல்லாக இருந்தது. ஓரத்தில் குண்டூசித் தலை அளவுக்கு ஒரு குழி, உள்ளே ஈர மரத்தூள் மாதிரி. டாக்டர் சின்னக் கரண்டியால் சுரண்டியபோது அது அப்படியே சுருளாக வந்தது. நரம்புக்கு இன்னும் தூரம் இருந்தது. அடைத்து, அளவெடுத்து, படம் எடுத்து, தற்காலிகமாக ஒன்று ஒட்டி அனுப்பினார்கள்.

முதலில் வந்த வெனீர் பொருந்தவில்லை. ஒட்டுவதற்கு முன்னால் தற்காலிகப் பசை வைத்துப் பார்த்தோம், உள்ளேயிருந்து சாம்பல் தெரிந்தது. டாக்டருக்கு முன்னால் நானே "வேண்டாம்" என்று சொல்லிவிட்டேன். திருப்பி அனுப்பினார், மறுபடியும் பத்து நாள். இரண்டாவது சரியாக வந்தது. நைட் கார்டும் வாங்கியாயிற்று. அதைப் போட்டுக்கொண்டு பேசினால் வீட்டில் எல்லோரும் சிரிக்கிறார்கள்.


பீங்கான்கை:

சரியாக வந்தது என்றால் எந்த வெளிச்சத்தில்? டாக்டர் விளக்கில் பார்த்ததைச் சொல்லாதீர்கள். பகலில், ஜன்னலோரம் நின்று பாருங்கள்.


முல்லைக்கொடி:

நேற்றே பார்த்துவிட்டேன் அண்ணா. ஈறோரம் மட்டும் மற்ற ஐந்தைவிட ஒரு துளி மஞ்சள் தூக்கல். என்னைத் தவிர யாருக்கும் தெரியாது.


பீங்கான்கை:

அந்த லேப் ஆளுக்கும் தெரிந்திருக்கும்.